சித்தர் பெயரில் எழுதுவது யார்?

சித்திரை முதல் நாள் பஞ்சாங்கம் வாங்கும் வீடுகளில் பலரும் முதலில் தேடுவது அந்த வருடத்து வெண்பாவை. மழை எப்படி, விளைச்சல் எப்படி, மாடு கன்றுக்கு நோய் உண்டா என்று நாலு வரியில் சொல்லிவிடும் அந்தப் பாட்டை இடைக்காடர் பாடியதாகப் போட்டிருக்கும். அவர் அடங்கிய இடம் திருவண்ணாமலை என்பது இந்த ஊர் நம்பிக்கை. சங்கப் பாடல்களில் ஓர் இடைக்காடனார் உண்டு. திருவள்ளுவமாலையிலும் ஓர் இடைக்காடர் உண்டு. மூவரும் ஒருவர்தானா என்று பஞ்சாங்கம் வாங்குகிறவர் கேட்பதில்லை. வெண்பா பலிக்காவிட்டாலும் அடுத்த சித்திரைக்குள் மறந்துவிடுவார்.

இந்தப் பெருந்தன்மையை எல்லா இடத்திலும் காட்டிக்கொண்டிருக்க முடியாது. பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வாருங்கள். விபூதி, ருத்ராட்சம், மூலிகைப் பொடிக் கடைகளுக்கு நடுவே மெல்லிய புத்தகங்கள் அடுக்கியிருக்கும். அட்டையில் ஜடாமுடியோடு ஒரு சித்தர். உள்ளே அகத்தியர் அருளியது, போகர் அருளியது என்று பாட்டும் மருந்தும். எந்தச் சுவடியிலிருந்து எடுத்தது, அந்தச் சுவடி இப்போது எங்கே இருக்கிறது, அதைப் படித்துப் பெயர்த்து எழுதியவர் யார்? பல புத்தகங்களில் பின்னட்டை வரை புரட்டினாலும் பதில் கிடைக்காது. கைபேசியில் வருவதற்கோ அட்டைகூடக் கிடையாது. ரமணர் படத்துக்குக் கீழே யாரோ எழுதிய நாலு வரியைப் போட்டு, காலை வணக்கத்தோடு அனுப்பிவிடுகிறார்கள்.

போலிப் பாட்டுக் கட்டவும் ஒரு காலத்தில் சீர், தளை தெரிந்திருக்க வேண்டியிருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் அகத்தியர் நடையில் மூட்டுவலிக்கு ஒரு பாட்டு என்று கேட்டால், டீ ஆறுவதற்குள் பத்துப் பாட்டு வந்துவிடும். தளை தட்டத்தான் செய்யும். தட்டுகிறது என்று கண்டுபிடிக்க எத்தனை வாசகர்கள் இருக்கிறார்கள்? நாம் அபாயச் சங்கு ஊதுவது இதற்காகத்தான்.

எழுதியவர் யாராக இருந்தால் என்ன, எழுத்து நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கதைக்கு அது சரி. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால், இன்னொரு ரங்கராஜன் மனைவியின் பெயரை வைத்துக்கொண்டு சுஜாதா ஆனார். அந்த ரா.கி.யே மாலதி, ஹம்சா என்று பல பெயர்களில் எழுதினார். புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் கிளுகிளுப்புக் கதைகளை எழுதியவர்தான் ஸ்ரீவேணுகோபாலன் என்ற பெயரில் திருவரங்கன் உலாவையும் எழுதினார். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. கதை பிடித்திருந்தால் படித்தோம், பிடிக்காவிட்டால் பக்கத்தைத் திருப்பினோம்.

பெயரைப் பொருட்படுத்தாத பெருமை திருவண்ணாமலைக்கும் உண்டு. ரமணரின் அடியாரான புலவர் முருகனார் ரமண புராணம் பாடத் தொடங்கி, நடுவே நின்றுபோனபோது, மிச்சத்தை ரமணரே எழுதி முடித்தார் என்று அடியார்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அச்சாகும் சமயத்தில், இன்ன வரி முதல் பகவான் பாடியது என்று முருகனார் ஓர் அடிக்குறிப்புப் போட்டார். அப்படியானால் அதற்கு முந்தியவை முருகனாருடையவையோ என்று ரமணர் கேட்க, குறிப்பு எடுக்கப்பட்டுவிட்டது. தன் வரியில் தன் பெயர் வேண்டாம் என்றவர் அவர். அவர் எழுதாத வரிகளில் அவர் பெயரைப் போட்டு நாம் பரப்பிக்கொண்டிருக்கிறோம்.

கதையில் பெயர் வெறும் முகமூடி. மருந்திலும் வரலாற்றிலும் ஞானியின் வாக்கிலும் அதுவே சான்று. சொன்னவர் அகத்தியர் என்பதால்தான் ஒருவர் அந்தப் பொடியை வாயில் போட்டுக்கொள்கிறார். அங்கே பெயர் பொய் என்றால் எல்லாமே பொய்.

இதற்குத் தமிழ் ஒருமுறை நல்ல விலை கொடுத்திருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கில் பதினெட்டாவது நூல் எது என்பதில் பழைய வெண்பா ஒன்றின் பாடத்தை வைத்துப் புலவர்களிடையே தகராறு இருந்தது. காலியாக இருந்த அந்த நாற்காலியில் இன்னிலை என்ற நூல் வந்து உட்கார்ந்தது. ஆசிரியர் பொய்கையார் என்றார்கள். நாற்பத்தைந்து வெண்பா, முன்னால் பாரதம் பாடிய பெருந்தேவனார் பெயரில் கடவுள் வாழ்த்து என்று எல்லாம் கச்சிதமாக இருந்தன. சொர்ணம் பிள்ளை என்பவரிடமிருந்து கிடைத்த அதை நம்பி, உரை எழுதி 1917இல் பதிப்பித்தவர் சாதாரண ஆள் இல்லை, வ.உ. சிதம்பரனார். சிறையிலிருந்து வந்து, வறுமையிலும் மணக்குடவர் உரையைத் தேடிப் பதிப்பித்த மனிதர். அவருடைய நேர்மையைப் பற்றி ஐயமே கிடையாது. ஏமாற்றுகிறவன் தேடிப் போவது நேர்மையானவரின் பெயரைத்தான். 1931இல் இ.வை. அனந்தராமையர் கைந்நிலை என்ற நூலைப் பதிப்பித்த பிறகு நாற்காலி கைமாறியது. இன்னிலை பழைய நூல் இல்லை, அந்தக் காலத்திலேயே கட்டிய போலி என்பதே இன்று அறிஞர்கள் பொதுவாக ஏற்கும் முடிவு. அதிலுள்ள வெண்பாக்கள் மோசமில்லை என்று இன்றும் வாதிடலாம். ஆனால் அவற்றை யாரும் வெண்பாவாகப் படிக்கவில்லையே! ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்திய தமிழ் என்றல்லவா படித்தார்கள்?

வெள்ளைக்காரனும் தப்பவில்லை. எசூர் வேதம் என்ற பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதி 1760இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் கைக்குப் போனது. அலெக்சாந்தர் காலத்துக்கும் முந்தியது என்று நம்பி, கிறிஸ்தவ திருச்சபையை மட்டம் தட்ட அதைப் பயன்படுத்தினார். 1778இல் அச்சும் ஆனது. பிறகு புதுச்சேரியில் பாதிரிமாரின் ஏடுகளுக்கிடையே அதே வகைப் பிரதிகளைக் கண்டு, இது வேதத்தைப் பார்த்துச் செய்த நகல் என்று விளக்கினார் எல்லிஸ். திருக்குறளுக்கு உரை எழுதிய அதே எல்லீசன். அவர் கட்டுரை 1822இல், அவர் இறந்து மூன்று வருடம் கழித்து வெளிவந்தது. இந்துக்களின் வழிபாட்டைக் கண்டிக்க மிஷனரிகள் எழுதியதை வைத்து வால்டேர் மிஷனரிகளையே அடித்திருக்கிறார். எழுதிய பாதிரியார் யார், ஏமாற்றும் எண்ணத்தில்தான் எழுதினாரா என்று இன்றும் சர்ச்சை ஓயவில்லை.

வால்டேர் ஏமாந்ததால் யாருக்கும் சிறுநீரகம் கெடவில்லை. சித்த மருந்து விஷயம் அப்படியா? அகத்தியர் பெயரில் வழங்கும் வைத்திய நூல்கள் பலவற்றின் நடை சில நூற்றாண்டுகளுக்கு மேல் போகாது. போர்த்துக்கீசியர் வந்த பிறகே இங்கு தெரியவந்த பறங்கிப் புண்ணுக்கும் சித்தர் பெயரில் மருந்து உண்டு. இதனால் அந்த மருத்துவம் பொய் என்றாகிவிடாது. பரம்பரை வைத்தியர்கள் தங்கள் அனுபவத்தை ஆசானின் பெயரில் எழுதி வைத்தார்கள் என்று கொள்ளலாம். அந்த வைத்தியருக்குப் பின்னால் ஒரு குருவும் கைப்பழக்கமும் இருந்தன. ரசத்தையும் பாஷாணத்தையும் எத்தனை நாள் சுத்தி செய்வது, எவ்வளவு கொடுப்பது என்று அவருக்குத் தெரியும். நேற்றுச் செயலி கட்டிய பாட்டுக்குப் பின்னால் ஒருவருமில்லை. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் முதல் அட்டவணை, ஆதாரமான சித்த நூல்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறது. அகத்தியர், போகர், புலிப்பாணி பெயர்களுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கும்போது, அதே பெயரை ஒட்டிக்கொண்டு வருவதைச் சாதாரண வாசகர் எப்படிப் பிரித்தறிவார்?

ஆகவே சில காரியங்கள் உடனே நடக்க வேண்டும். சித்தர் நூல் போடும் ஒவ்வொரு பதிப்பகமும் சுவடி இருக்கும் இடத்தையும் பதிப்பாசிரியர் பெயரையும் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால் போன்ற இடங்களில் உள்ள சுவடி என்றால் அதன் எண்ணைக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? இயந்திரம் எழுதியது என்றால் அதையும் சொல்லிவிட்டு விற்கட்டும். மருந்து விவரத்தோடு வரும் புத்தகங்களை மாவட்ட நிர்வாகம் பௌர்ணமிக்கு முன்பே பார்வையிட வேண்டும். ரமணர் விஷயத்தில் சாக்குச் சொல்லவே வழியில்லை. முனகால வெங்கடராமையா 1935 முதல் 1939 வரை குறித்துவைத்த உரையாடல்களும், தேவராஜ முதலியார் 1945 முதல் 1947 வரை எழுதிய நாட்குறிப்பும் தேதியோடு அச்சில் இருக்கின்றன. அனுப்புவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பௌர்ணமிக்கு வரும்போது சித்தர் புத்தகம் வாங்கினால், இது எந்தச் சுவடி என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் புத்தகத்தை வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். வாங்கியே விட்டீர்கள் என்றால், அதிலுள்ள மருந்தை அரசு சித்த மருத்துவரிடம் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள்.