பல் வைத்தியரும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்



கடந்த மாதம் கிளிநொச்சிப் பக்கமிருந்து வாசகி ஒருவர் தொலைபேசியில் கதைத்தார். பல் நோவுக்குக் காட்டப் போயிருந்தாராம். அவரது முறை வரும்வரை காத்திருந்தபோது, வைத்தியர் தன் அறையில் கணினிக்கு முன்னால் இருந்து, யாரோ நடத்தும் பாடத்தைக் கேட்டுக் குறிப்பெழுதிக் கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறார். அதைப் பார்த்ததும் அவருக்கு மனதில் ஒரு பயம். "அக்கா, படிச்சு முடிச்சுத்தானே டொக்டரா வந்தவர்? பிறகு என்னத்தைப் படிக்கிறார்? எங்கட வாயிலயோ பழகப் போறார்?" என்று கேட்டார்.

நிவாரணம், திட்டம், கணக்கெடுப்பு என்று பலரும் எங்களைக் கேளாமலே எங்களைப் பற்றித் தீர்மானித்த அனுபவம் எமக்கு உண்டு. ஆகவே இப்படியொரு பயம் வருவது இயல்பு. ஆனால் சகோதரிகளே, படிக்கிற வைத்தியருக்கு நாங்கள் பயப்படத் தேவையில்லை. படிப்பதை நிறுத்திவிட்ட வைத்தியருக்குத்தான் பயப்பட வேண்டும். அது ஏன் என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, அடுத்த வருடம் நாங்கள் வன்னியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். வயிற்றில் எனக்கு ஐந்து மாதம். கடைவாய்ப் பல் ஒன்று சூத்தை விழுந்து, இரவில் படுக்க விடாமல் நொந்தது. ஒருவாறு பல் வைத்தியர் ஒருவரைத் தேடிப் போனேன். "பிள்ளைத்தாச்சிக்கு ஒண்டும் செய்யேலாது, பிள்ளை பிறந்த பிறகு வாங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு நாட்களைக் கழித்தேன். எட்டாம் மாதத்தில் கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. பிள்ளை பிறந்த பின் அந்தப் பல்லோடு பக்கத்துப் பல்லையும் கழற்ற வேண்டி வந்தது. "ஒரு பிள்ளைக்கு ஒரு பல்லுப் போகும்தானே" என்று ஊரில் ஆறுதல் சொன்னார்கள்.

அந்த வைத்தியரை நான் குறை சொல்லவில்லை. மருந்தும் மின்சாரமும் இல்லாத காலத்திலும் அவர் எங்களோடு நின்றவர். அவர் படித்த காலத்தில் அவருக்குக் கற்பித்ததையே அவர் எனக்குச் சொன்னார்.

2022 இல் என் மகளுக்கும் ஐந்தாம் மாதத்தில் அதே பல் நோவு வந்தது. நான் பழைய நினைவில், "பிள்ளை பிறக்கட்டும்" என்றுதான் சொன்னேன். குடும்பநல உத்தியோகத்தர்தான் பிடிவாதமாகப் பல் வைத்தியரிடம் அனுப்பி வைத்தார். அங்கிருந்த பெண் வைத்தியர் ஐம்பது வயதைத் தாண்டியவர். மகளின் வலது இடுப்பின் கீழ் ஒரு சிறு தலையணையை வைத்து, விறைப்பு ஊசி போட்டு, அரை மணித்தியாலத்துக்குள் பல்லை அடைத்துவிட்டார். நான் பயந்துகொண்டு நின்றதைக் கண்டு, "நாங்கள் படிக்கேக்க, பிள்ளை பிறக்குமட்டும் ஒத்திப் போடச் சொல்லித்தான் பழக்கினவை அம்மா. 2020 இல கொரோனாவுக்குப் பூட்டியிருந்த நேரம் வீட்டில இருந்து இன்ரநெற்றில ஒரு பாடநெறி செய்தனான். அதிலதான் இதை வடிவா விளங்கிக் கொண்டனான்" என்றார்.

எனக்கு இரண்டு பல் போனதும் மகளுக்கு ஒரு பல்கூடப் போகாததும் அந்தப் படிப்பால் வந்த வித்தியாசம்தான்.

இன்றைய மருத்துவ அறிவு சொல்வது இதுதான்: கர்ப்ப காலத்தில் பல் அடைக்கலாம், சுத்தம் செய்யலாம், அவசியமானால் கழற்றலாம். லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்தைக் கொடுக்கலாம். நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரையான காலம் தாய்க்கு வசதியானது. பிந்திய மாதங்களில் மல்லாந்து நெடுநேரம் கிடந்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் வரலாம். அதற்காகத்தான் இடப்பக்கம் சற்றுச் சரிந்து படுக்க வைக்கிறார்கள். பிள்ளை தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை எடுப்பதில்லை. அடிக்கடி சத்தி எடுப்பதால் வரும் அமிலம், இடைக்கிடை இனிப்பு உண்பது, முரசில் இரத்தம் வருகிறதென்று பல் துலக்காமல் விடுவது ஆகியவையே பல்லைக் கெடுக்கின்றன.

பல் மருத்துவத்தில் இப்படி மாறியவை பல. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முன்பெல்லாம் சூத்தையை அடியோடு சுரண்டி எடுத்த பின்னரே பல்லை அடைப்பார்கள். அப்படிச் சுரண்டும்போது நரம்பு வெளிப்பட்டால் வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும் அல்லது பல்லைக் கழற்ற வேண்டும். 2016 இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரை வேறு விதமாகச் சொன்னது. ஆழமான சூத்தையில், நரம்புக்கு அண்மையில் உள்ள மெதுவான படையை அப்படியே விட்டு, மேலே இறுக்கமாக மூடிவிட்டால் கிருமிகள் உணவின்றி அடங்கிவிடும். கழற்ற வேண்டிய பல் பலவற்றை இதனால் காப்பாற்றலாம்.

1980 களில் தன்சானியா நாட்டில், மின்சாரம் இல்லாத கிராமங்களுக்காகக் கைக்கருவிகளால் மட்டும் சூத்தையை நீக்கி, கிளாஸ் அயனோமர் என்ற சீமெந்தால் அடைக்கும் முறையை உருவாக்கினார்கள். துளைக்கும் இயந்திரம் வேண்டியதில்லை. சில்வர் டயமைன் புளோரைட் என்ற திரவத்தைச் சூத்தையில் தடவி, அது மேலும் பரவாமல் நிறுத்தலாம். பல் கறுத்துப் போகும் என்பது அதன் குறை. ஊசிக்கும் இயந்திரத்துக்கும் அழும் சிறு பிள்ளைகளின் பாற்பல்லுக்கு அது பெரிய உதவி. 2021 இல் உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 1990 களில் படித்து வெளியேறிய ஒருவர், பிறகு எதையும் படிக்காமல் இருந்தால் இவற்றில் பலவற்றை அறிந்திருக்க மாட்டார்.

எங்கள் பகுதி வைத்தியர்களுக்கு இந்தப் படிப்பு இலகுவாகக் கிடைத்ததல்ல. இலங்கையில் நீண்ட காலமாகப் பல் மருத்துவம் கற்பித்த ஒரே பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தது. பட்டம் பெற்றபின் கருத்தரங்கு, பயிற்சி என்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ போகவேண்டும். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பின் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கொழும்பு போவதே பெரிய பாடு. பாதை திறந்த பின்பும், முல்லைத்தீவிலோ மன்னாரிலோ தனியொருவராகக் கடமையாற்றும் வைத்தியர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனால் அந்த இரண்டு நாளும் நோயாளர் காத்திருக்க வேண்டியதுதான்.

இணையவழிக் கல்வி இந்தத் தூரத்தைக் குறைத்தது. பிற்பகலில் கடமை முடிந்தபின் வைத்தியர் தன் இடத்தில் இருந்தபடியே விரிவுரை கேட்கலாம். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மற்றைய வைத்தியர்களுடன் கலந்துரையாடலாம். வினாக்களுக்கு விடையளித்துச் சான்றிதழ் பெறலாம். 2020 இல் கொரோனாப் பரவலால் ஒன்றுகூட முடியாமற் போனபோது இவ்வழி வேகமாகப் பெருகியது. 2022 இல் எங்கள் நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற வேளையில், அதற்கும் இடையூறு வந்தது. பொருளாதார நெருக்கடியால் வைத்தியர்கள் பலர் வெளிநாடு சென்றுவிட, எஞ்சியிருப்போர் முன்பு வேறொருவரிடம் அனுப்பிய நோயையும் தாமே பார்க்க வேண்டியதாயிற்று. அவர்கள் படிப்பது எமது தேவையும்கூட.

சில நாடுகளில் இது வைத்தியரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. பிரித்தானியாவில் 2018 முதல் பல் வைத்தியர் ஒருவர் ஐந்து வருடத்துக்குள் 100 மணித்தியாலம் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படலாம். அதிலும், படித்ததால் தன் தொழிலில் என்ன மாற்றம் வந்தது என்பதையும் அவர் சிந்தித்துக் குறித்து வைக்க வேண்டும். அந்தக் குறிப்பைத்தான் நான் முக்கியமென்று நினைக்கிறேன். சான்றிதழைச் சுவரில் மாட்டுவதால் எங்கள் பல் சுகமாகாது.

இணையவழிக் கல்விக்குக் குறைகளும் உண்டு. ஊசியை எந்தக் கோணத்தில் ஏற்றுவது, தையல் போடுவது, மயங்கி விழுந்தவருக்கு நெஞ்சை அழுத்திச் சுவாசம் கொடுப்பது முதலியவற்றைத் திரையைப் பார்த்து மட்டும் பழக முடியாது. அவற்றைக் கையால் செய்து, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். இன்னொன்று, சில பாடங்களைப் பல் அடைக்கும் பொருட்களை விற்கும் கம்பனிகளே நடத்துகின்றன. அவர்கள் தங்கள் பொருளைத்தான் புகழ்வார்கள். பல்கலைக்கழகம், தொழில்சார் சங்கம் போன்றவை நடத்தும் பாடங்களைத் தெரிவு செய்வதே நல்லது.

சகோதரிகளே, இப்படிப்பில் எங்களுக்கென்றே உரிய ஒரு பகுதியும் இருக்கிறது. எங்களில் பலர் காலையில் எழும்பும்போது தாடை இறுகி, காதடி நொந்து, தலையிடியோடு எழும்புகிறோம். பல்லில் சூத்தை இராது. நித்திரையில் பல்லை நறநறவென்று கடிப்பதே காரணமாக இருக்கலாம். மனத்துயரும் பதற்றமும் உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. இதை அறியாதவர், நோகிற பக்கத்துப் பல்லையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றக்கூடும். அறிந்தவர் இரவில் போடப் பற்கவசம் செய்து தருவார். "நித்திரை எப்படி, மனதில் என்ன பாரம்" என்றும் கேட்பார்.

வேறொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கதிரையில் மல்லாந்து கிடந்து, வாயைத் திறந்தபடி, அந்நியர் ஒருவர் முகத்துக்கு மேலே குனிந்து நிற்பது சில பெண்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கும். தடுப்பில் இருந்தவர்கள், வன்முறைக்கு ஆளானவர்கள் இதனாலேயே வருடக்கணக்காகப் பல் வைத்தியரிடம் போவதில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு எவ்வாறு சிகிச்சை செய்வது என்பதும் இன்று பல் வைத்தியர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம். தொடமுன் சொல்லிவிட்டுத் தொடுவது, கதிரையை முழுதாகச் சரிக்காமல் விடுவது, கை உயர்த்தினால் உடனே நிறுத்துவது, துணைக்கு ஒரு பெண்ணை அறையில் வைத்திருப்பது ஆகியவை அதில் அடங்கும். நடந்ததை விபரமாகச் சொல்ல வேண்டியதில்லை. "எனக்குப் படுத்துக் கிடக்கப் பயமாயிருக்கு, கை காட்டினால் நிப்பாட்டுங்கோ டொக்டர்" என்று சொன்னால் போதும்.

பல் வைத்தியரிடம் போகும்போது கீழ்வருவனவற்றை மறவாமற் சொல்லுங்கள், கேளுங்கள்.

கர்ப்பமாக இருந்தால், எத்தனை மாதம் என்று சொல்லுங்கள். நோவுக்கு நீங்களாகப் பாமசியில் குளிசை வாங்கிப் போடாதீர்கள்.

முகத்திலோ தலையிலோ எறிகணைத் துண்டு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரே படத்தை வாசிக்க அது உதவும். காந்தப்புலத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கு அனுப்பினால், அங்கும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பல்லைக் கழற்ற வேண்டுமென்றால், "இதை வைச்சிருக்க வேற வழி இருக்கோ?" என்று கேளுங்கள். சில வேளை வழி இராது. ஆனால் காரணத்தை அறிவது உங்கள் உரிமை.

நுண்ணுயிர்க்கொல்லி எழுதித் தந்தால், எதற்காக என்று கேளுங்கள். வெறும் பல் நோவை அமொக்சிலின் மாற்றாது. வீக்கம் பரவுதல், காய்ச்சல் இருந்தால்தான் பெரும்பாலும் அது தேவைப்படும்.

வெற்றிலை போடுபவராயின் வாயை முழுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2004 இல் அறிவித்தது. மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, வாய் திறக்கக் கடினம் என்பவற்றை நோவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

கிளிநொச்சிச் சகோதரிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அவர் படிக்கிறது நல்லது தங்கச்சி. அடுத்தமுறை போகேக்க, என்ன படிச்சனீங்கள் எண்டு கேளுங்கோ." அவர் சிரித்துவிட்டு, "டொக்டரிட்ட அப்பிடிக் கேக்கலாமோ?" என்றார்.

கேட்கலாம். படிக்கிற வைத்தியர் அதற்குக் கோபிக்க மாட்டார். அடுத்த இதழில் சந்திப்போம்.