கோலம் போட்டால் சட்டம் மாறுமா?

"போராட்டம் என்றால் மறியல் செய்யணும், ஜெயிலுக்குப் போகணும். கோலம் போடுவதும் தட்டு தட்டுவதும் பொழுதுபோக்கு." டீக்கடையிலும் கேட்கிறோம், கட்சி மேடையிலும் கேட்கிறோம். இந்தப் பேச்சில் நான்கு வாதங்கள் இருக்கின்றன.

முதல் வாதம்: ஆள்வோருக்கு இது உறைக்காது. உறைக்காவிட்டால், 2019 டிசம்பர் இறுதியில் பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்ட பெண்களைப் போலீஸ் ஏன் பிடித்துப் போனது? மறுநாளே கோபாலபுரத்தில் கருணாநிதி வீட்டு வாசலிலும் அதே எதிர்ப்புக் கோலம். வெளிநாட்டிலும் இப்படித்தான். 1982 பிப்ரவரியில், ராணுவச் சட்டம் அமலில் இருந்த போலந்தின் ஸ்விட்னிக் ஊரில், மாலை 7.30 மணிக்கு அரசு டிவியில் செய்தி தொடங்கியதும் அதைப் புறக்கணித்து மக்கள் வீட்டைவிட்டு உலாவக் கிளம்பினார்கள். சிலர் டிவியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தார்கள். உலாவுவது குற்றமில்லையே! அரசு ஊரடங்கை 7 மணிக்கே தொடங்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது: இது துணிச்சல் இல்லாதவர்களின் வழி. 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கோமரியில் கருப்பின மக்கள் நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்தைப் புறக்கணித்தார்கள். 381 நாள் நீடித்த அந்தப் போராட்டத்தில், வேலைக்குப் போவோரை ஏற்றிச்செல்லக் கார்கள் வேண்டும், பெட்ரோல் வேண்டும். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் தோழிகளோடு கோழி வறுவலும் கேக்கும் செய்து விற்றுப் பணம் திரட்டினார். வாங்கியவர் யார், கொடுத்தவர் யார் என்பது வெளியே தெரியாது. தெரிந்தால், வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்களின் பிழைப்பு போய்விடும். இந்தப் போராட்டம் தொடர்பான வழக்கில் சாட்சி சொன்ன கில்மோருக்கு வேலை போகத்தான் செய்தது. அடுப்படியில் நின்றவரைக் கோழை என்பீர்களா?

மூன்றாவது: இதனால் எதுவும் மாறவில்லை. இதில் பாதி உண்மை. குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிற்கிறது. மான்ட்கோமரியில் பேருந்துப் பாகுபாடு நீதிமன்றத் தீர்ப்பால்தான் ஒழிந்தது. ஆனால் தீர்ப்பு வரும்வரை மக்களைத் தளராமல் வைத்திருந்ததில் அந்தச் சமையலுக்கும் பங்குண்டு. சர்வாதிகாரி பினோசே ஆண்ட சிலியில், 1983 மே 11-க்குத் திட்டமிட்ட வேலைநிறுத்தத்தைத் தாமிரச் சுரங்கத் தொழிலாளர்கள் கைவிட்டு, அன்றிரவு பாத்திரம் தட்டச் சொன்னார்கள். சுரங்கத்தை ராணுவம் வளைக்கலாம். சமையலறைகளை வளைக்க முடியாது. தான் ஒருவர்தான் எதிர்க்கிறோம் என்று நினைத்தவருக்குத் தெருவே தட்டுவது கேட்டது. பினோசே தோற்ற வாக்கெடுப்புக்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறியலும் ஒரே நாளில் ஆட்சியை மாற்றுவதில்லை.

நான்காவது: அப்படியானால் ஸ்டேட்டஸ் வைத்தாலே போதுமா? போதாது. அது நோகாமல் நுங்கு தின்பது. மேலே சொன்னவர்கள் எதையோ பணயம் வைத்தார்கள், பலர் சேர்ந்து செய்தார்கள், திரும்பத் திரும்பச் செய்தார்கள். எந்தப் போராட்டத்தையும் இந்த மூன்றை வைத்து எடைபோடலாம், மறியல் உட்பட.

கைக்குழந்தைக்காரியும் தினக்கூலியும் நடக்க முடியாத முதியவரும் மறியலுக்கு வர மாட்டார்கள். அவர்களுக்கு வேலை வைக்காத போராட்டம் ஒரு வாரத்தில் இளைத்துவிடும். ஆள் திரட்டுகிறவர்கள் யார் கைதாகத் தயார் என்று மட்டும் கேட்காமல், யாருக்குச் சமைக்க வரும், யாருக்கு வரைய வரும், யாரிடம் வண்டி இருக்கிறது என்றும் கேட்கட்டும்.