முள் ஆடினா மீட்டர் ஆயிடுமா?

ரொம்ப நாளா மனசுல கிடக்குற கடுப்பு. இன்னிக்குக் கொட்டிடறேன், பொறுத்துக்குங்க மக்களே.

பழைய வால்வு மீட்டர், வால்வு ஆசிலாஸ்கோப் எல்லாம் தேடி வாங்கி "உயிர் கொடுத்துட்டேன்"னு படம் காட்டறவங்க பெருகிட்டாங்க. டப்பாவுக்குப் புது பெயிண்ட், குமிழுக்கு பாலீஷ். உள்ளே வால்வு செவசெவன்னு எரியுது, முள் ஆடுது. அவ்ளோதான், வேலை முடிஞ்சுதாம்! ஐயா, வேப்பிலை அடிச்சா பேய் புடிச்சவங்ககூடத்தான் ஆடுவாங்க. அந்த முள் காட்டற எண் சரியான்னு ஒருத்தராவது சொல்றாங்களா? ரேடியோன்னா பாடும்போதே காது சொல்லிடும். மீட்டர் அப்படியில்லை. பொய் சொல்ற மீட்டரும் பார்க்க லட்சணமாத்தான் இருக்கும்.

சொந்தக் கதை. சென்னையில ஒருத்தர்கிட்ட "முழுசா ரெஸ்டோர் பண்ணது"ன்னு ஒரு ஹீத்கிட் வி-7ஏ வால்வு வோல்ட்மீட்டர் வாங்கினேன். அமெரிக்காவுல மிச்சிகன்லேருந்து பாகம் பாகமா வந்து, வாங்கினவங்களே வீட்ல உட்கார்ந்து சால்டர் பண்ணிக்கிட்ட சாமான். ரெண்டே வால்வு, 6ஏஎல்5, 12ஏயூ7. பளபளன்னு இருந்துச்சு. 117 வோல்ட் சாமான்னு தெரிஞ்சு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டுத்தான் ஓட்டினேன் (அந்த அளவுக்கு விவரம் உண்டு).

நம்ம காரைக்கால் தலத்தெருவுல ஒரு பெரியவர் வீட்டு ரேடியோ கரகரன்னு இழுத்துப் பாடுதுன்னு கூப்பிட்டார். இந்தக் கரையில அந்தக் காலத்துல வால்வு ரேடியோ வாங்கினதே பாதி இலங்கை வானொலிக்காகத்தான். எச்.டி. லைனை அளந்தேன். இருக்கவேண்டியது 250 வோல்ட், மீட்டரும் அச்சு அசலா 250 காட்டுச்சு. சப்ளை சுத்தம், அவுட்புட் வால்வுதான் போச்சுன்னு தீர்ப்பு சொல்லிட்டேன். பெரியவர் பென்ஷன் காசுல புது இஎல்84 வாங்கிக் கொடுத்தார். போட்டு அரை மணி நேரத்துல அதோட தகடு செக்கச்செவேல்னு காய ஆரம்பிச்சுது. வால்வு காலி.

ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் புது டார்ச் செல்லை அதே மீட்டர்ல அளந்தா 1.7க்கு மேல நிக்குது! அப்பத்தான் புரோபைப் பார்த்தேன். இந்த மீட்டரோட நுழைவு மின்தடை 11 மெகாஓம். அதுல 10 டப்பாவுக்குள்ள, மிச்சம் 1 மெகாஓம் புரோபுக்குள்ள. அந்தப் புண்ணியவான் பழைய புரோபைத் தூக்கிப் போட்டுட்டு சாதா செகப்பு ஒயரைக் கட்டியிருக்கார். எல்லாமே பத்து சதவீதம் ஏத்திக் காட்டியிருக்கு. அதாவது ரேடியோவுல நிஜமா இருந்தது 228 வோல்ட்டுக்குள்ள. கப்ளிங் கண்டென்சர் கசிஞ்சு, கிரிட்டுல பாசிட்டிவ் வோல்ட் ஏறி, வால்வு அளவுக்கு மேல இழுத்து சப்ளையை அமுக்கியிருக்கு. உப்புக்காத்துல காகிதக் கண்டென்சர் கசியறது இந்த ஊர்ல புதுசா என்ன! கிரிட்டை அளக்காம விட்டது என் சோம்பேறித்தனம், ஒத்துக்கறேன். ஆனா மீட்டர் உண்மையைச் சொல்லியிருந்தா முதல் நிமிஷத்துலயே சந்தேகம் வந்திருக்கும்.

"இருநூறு முன்னூறு ரூபாய்க்கு மஞ்சள் டிஜிட்டல் மீட்டர் கிடைக்குதே, ஏன் இந்த இழவு?"ன்னு கேப்பீங்க. கேளுங்க. அந்த மஞ்சள் டிடி-830க்கு நுழைவு மின்தடை 1 மெகாஓம்தான். 1 மெகாஓம் வழியா வர்ற 6 வோல்ட்டை அதுல அளந்தா 3 காட்டும். வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள பழைய சாதா முள் மீட்டர்ல, 10 வோல்ட் ரேஞ்சுல, ஒரே ஒரு வோல்ட். ஒழுங்கா இருக்கற வி-7ஏ 5.5 காட்டும். நல்ல டிஜிட்டல் மீட்டர் 10 மெகாஓம் இருக்கும், அதுவும் தாராளமாப் போதும், மறுக்கலை. ஆனா ஐ.எஃப். ட்யூன் பண்ணும்போது முள் மெல்ல ஏறி இறங்கறதைப் பார்த்து திருப்பற சுகம் ஓடற எண்ணுல வராது.

இன்னொரு கோஷ்டி இருக்கு, ஹைஃபை ரசிகர்கள். நல்லா இருக்கற மீட்டரைப் பிரிச்சு 12ஏயூ7ஐ மட்டும் உருவி ஆம்ப்ளிஃபயர்ல சொருகிட்டு "ஆகா, என்ன இனிமை!"ங்கறாங்க. மிச்சம் காயலான் கடைக்கு. இவங்களைத் திட்ட தனியா ஒரு நாள் வேணும்.

பெயிண்ட் அடிக்கறவங்ககிட்ட நான் கேக்கறது பெரிசா ஒண்ணுமில்லை. வால்வை ரெண்டு நாள் ஓடவிடுங்க. உள்ளே இருக்கற பழைய செல் பொங்கி கிளிப்பைத் தின்னிருக்கான்னு பாருங்க. கசியற கண்டென்சரைத் தூக்குங்க, "ஒரிஜினல்"னு கட்டிக்கிட்டு அழாதீங்க. அப்புறம் நம்பகமான மீட்டரைப் பக்கத்துல வெச்சு 1.5, 15, 150 ரேஞ்சுகள்ல என்ன காட்டுதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல தேதியோட எழுதி மூடிக்குள்ள ஒட்டுங்க. இது முடியலைன்னா "பெயிண்ட் அடிச்சேன்"னு சொல்லி வில்லுங்க, ரெஸ்டோர் பண்ணேன்னு சொல்லாதீங்க.

ரெண்டாவது இஎல்84 என் செலவு. கண்டென்சரை மாத்தினதும் ரேடியோ கணீர்னு பாடுது. முதல் வால்வு காசையும் வாங்கிக்குங்கன்னு சொன்னேன், பெரியவர் வேண்டாம்னுட்டார். அது இன்னும் உறுத்திக்கிட்டேதான் இருக்கு.