கை போனவனுக்கு வக்கீல் யார்?

கார்டிங் இயந்திரத்தில் சிக்கி ஒரு தொழிலாளியின் கட்டைவிரல் போய்விட்டால் அதற்குச் சட்டத்தில் கணக்கு இருக்கிறது. சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு நஷ்டம் என்கிறது அட்டவணை. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. இரண்டு கைகளும் போனால் நூற்றுக்கு நூறு. வெள்ளையர் ஆட்சியில் 1923ல் பிறந்த தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் காட்டிய வழி இது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. பெயர் மாறியிருக்கிறது, விரலுக்கு விகிதம் போடும் முறை மாறவில்லை.

விரலுக்கு விலை எழுதியாகிவிட்டது. அந்த விலையை வாங்கிக் கொடுக்க ஆள் எங்கே?

சில வருடங்களுக்கு முன்னால் நமது சங்க ஆபீசுக்கு ஒரு பதிலித் தொழிலாளி வந்தார். வலது கையில் இரண்டு விரல்கள்தான் மிச்சம். மூன்று வருடம் உழைத்த மில்லில், ஈ.எஸ்.ஐ. பதிவில் அவர் பெயர் ஏறியது விபத்துக்கு மறுநாள்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரிடம் மேஸ்திரி ஒரு தாளில் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு போனார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. நஷ்ட ஈட்டு உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் தாள் செல்லாது என்று 1923 சட்டத்திலேயே இருந்தது; அதுவும் அவருக்குத் தெரியாது. “வக்கீலைப் பார்த்தீர்களா?” என்று கேட்டோம். “பீசுக்கு எங்கே தோழர் போவேன்? சம்பாதிக்கிற கைதானே போயிருக்கு?” என்றார். வழக்கு கடைசி வரை போடப்படவே இல்லை. இன்று அவர் ஒரு குடோனில் இரவுக் காவல் பார்க்கிறார்.

போனஸ் வழக்கு, டிஸ்மிஸ் வழக்கு என்றால் ஓடி வரும் வக்கீல் தோழர்கள் நமக்கு உண்டு. ஊனமுற்றோர் உரிமைக்கென்று தனிச் சட்டம் ஒன்று இருப்பதை அன்று நம்மில் எத்தனை பேர் படித்திருந்தோம்? குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறோம்.

வக்கீலுக்குப் பீஸ் கொடுக்க முடியாதவனுக்கு யார் வாதாடுவது என்ற கேள்வி நமது நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் இதற்கு ஓர் ஏற்பாடு கண்டிருக்கிறார்கள். அதற்கு ‘பெல்லோஷிப்’ என்று பெயர். சட்டம் படித்து முடித்த இளைஞனுக்கோ யுவதிக்கோ இரண்டு வருடச் சம்பளத்தை ஒரு நிதியிலிருந்து கொடுத்துவிடுவார்கள். அவர் கட்சிக்காரரிடம் காலணா வாங்காமல், ஊனமுற்றோர் உரிமை போன்ற ஒரு துறையை எடுத்துக்கொண்டு ஏழைகளுக்கு முழு நேரமும் வேலை செய்யவேண்டும். பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளாத குழந்தை, சக்கர நாற்காலியில் வந்ததால் வேலை மறுக்கப்பட்டவர், மனநோய் ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டவர் ஆகியோர்தான் அவருடைய கட்சிக்காரர்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிதி யாருடையது? இப்படிப்பட்ட பெல்லோஷிப்களில் பெயர்பெற்ற ஒன்றை 1988ல் ஏற்படுத்தியது ஸ்காடன் என்னும் மாபெரும் வக்கீல் கம்பெனி. ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி விழுங்கும் பேரங்களை நடத்திக் கொடுத்துப் பணம் குவித்த ஸ்தாபனம் அது. அந்தப் பணத்தில் வாழும் இளம் வக்கீல்கள் செய்யும் சேவையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கொடுக்கிற கை எந்த வருடமும் மூடிக்கொள்ளலாம் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த வக்கீல்கள் கையில் எடுத்து வாதாடும் சட்டத்தை எந்தக் கம்பெனியும் தர்மமாகக் கொடுத்துவிடவில்லை. அரசாங்கப் பணம் வாங்கும் எந்த ஸ்தாபனமும் ஊனத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று அங்கே 1973ல் சட்டம் வந்தது. விதிகளை எழுதாமல் அதைத் தூங்கவைத்தார்கள். 1977 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ நகரில் கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், நடக்க முடியாதவர்கள் சர்க்கார் கட்டடத்துக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார்கள். கறுப்பர் இயக்கமான பிளாக் பாந்தர் கட்சியினர் உள்ளே சாப்பாடு கொண்டு வந்து கொடுத்தார்கள். மந்திரியைப் பார்க்க வாஷிங்டன் போன தூதுக்குழுவுக்குச் சக்கர நாற்காலியோடு ஏறிப்போக வண்டி கிடைக்கவில்லை. இயந்திரத் தொழிலாளர் சங்கம் ஒரு லாரியை வாடகைக்கு அமர்த்திக் கொடுத்தது! அதன் பிறகுதான் மந்திரி கையெழுத்துப் போட்டார். எல்லாத் துறைகளுக்குமான பெரிய சட்டம் 1990ல் வந்தது. வக்கீல்கள் வாதாடுவதற்கு விஷயமே அப்படித்தான் கிடைத்தது.

நமது நாட்டுக்கு வருவோம். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். நூற்றுக்கு 69 பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். ‘அங்கஹீனர்’ என்றார்கள், ‘ஊனமுற்றோர்’ என்றார்கள், இப்போது ‘மாற்றுத்திறனாளிகள்’ என்கிறார்கள். பெயருக்குக் கிடைத்த மரியாதை கூலிக்குக் கிடைத்ததா என்று கேட்டால் பதில் இல்லை.

1995ல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2016ல் மேலும் விரிவான சட்டமும் வந்தன. 2017 ஏப்ரலில் அமுலுக்கு வந்த புதிய சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது. வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது, பதவியைக் குறைக்கக்கூடாது, பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை கொடுக்கவேண்டும், வேறு வேலையே இல்லாவிட்டால் அவருக்காகத் தனி இடம் உண்டாக்கி வைக்கவேண்டும் என்கிறது 20வது பிரிவு. பழைய சட்டத்திலும் இது உண்டு. கால் வெட்டி எடுக்கப்பட்டதால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு கான்ஸ்டபிளுக்கு 2003ல் சுப்ரீம் கோர்ட் இதைக் காட்டித்தான் நியாயம் வழங்கியது.

மில் தொழிலாளி இதைப் படித்துச் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். இந்த ஷரத்து அரசாங்க ஸ்தாபனங்களுக்கு மட்டும்தான்! தனியார் மில் முதலாளியை அது தொடாது. கை அதிகமாகப் போகிற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்துக்குப் போட்ட வேலி இது. இந்த ஓட்டையை அடைக்கச் சட்டத் திருத்தம் வேண்டும். அதுவரை கிடைக்கிற வேறு ஆயுதங்களைத் தேடி எடுக்கத் தெரிந்த வக்கீல் வேண்டும்.

அப்படி ஓர் ஆயுதம் எங்கே கிடந்தது தெரியுமா? தெலங்கானாவில் நிறக்குருடு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பஸ் டிரைவரின் வழக்கில் 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அவருக்கு வேறு வேலை கொடுக்க உத்தரவிட்டது. நிறக்குருடு சட்டத்தின் 21 வகைகளில் இல்லை. கைகொடுத்தது 1979ல் தொழிலாளர்களுக்கும் பஸ் கார்ப்பரேஷனுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து! பழைய ஒப்பந்தத்தைத் தூசி தட்டி எடுத்து நீதிமன்றத்தின் முன்னால் வைக்க ஒருவர் இருந்தார், அதனால் அவர் பிழைத்தார்.

எடுத்து வைக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி வேலைக்கு மனுச் செய்த பார்வைக் குறைவுள்ள வக்கீல் ஒருவரை, நூற்றுக்கு 50க்கு மேல் குறை இருப்பவர் கூடாது என்று தள்ளிவிட்டார்கள். 2019ல் சுப்ரீம் கோர்ட்டும் அதைச் சரி என்றது. ஊனமுள்ளவர் வேலை செய்வதற்குத் தகுந்த வசதியைச் செய்து கொடுப்பது கடமை என்ற 2016 சட்டத்தின் கோட்பாட்டை அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுக்கவில்லை என்று 2021ல் வேறொரு வழக்கில் அதே கோர்ட் சொல்லவேண்டியிருந்தது. சட்டம் புஸ்தகத்தில்தான் இருந்தது.

காலதாமதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோடும் ரயிலும் கட்டடமும் எல்லோரும் உபயோகிக்கும்படி இருக்கவேண்டும் என்று கண் தெரியாத ஒருவர் 2005ல் பொதுநல வழக்குப் போட்டார். 2017ல் தீர்ப்பு. சர்க்கார் எழுதிய விதி செல்லாது, கட்டாய விதி எழுது என்று மறுபடி 2024 நவம்பரில் உத்தரவு. பத்தொன்பது வருடம்! எந்தக் கூலிக்காரன் பத்தொன்பது வருடம் வக்கீலுக்குப் பணம் கட்டுவான்?

“இலவச வக்கீல் இருக்கிறாரே” என்பார்கள். உண்மை. 1987ம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12வது பிரிவு, ஊனமுற்றவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். நமது வாசகர்களில் பெரும்பாலோர் இதில் ஏதாவது ஒரு வகையில் வருவார்கள், கேட்டு வாங்குங்கள். ஆனால் பட்டியலில் இருக்கும் வக்கீலுக்கு ஒரு வழக்குக்கு இவ்வளவு என்று சொற்பத் தொகை கொடுக்கிறார்கள். அவருக்குக் குடும்பம் உண்டு, பீஸ் கொடுக்கும் கட்சிக்காரர் உண்டு. அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

கிராமத்தில் நிலைமை இன்னும் மோசம். கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போன விவசாயத் தொழிலாளிக்கு யார் முதலாளி? நிலக்காரர் இயந்திரக்காரரைக் காட்டுகிறார். இயந்திரக்காரர் நிலக்காரரைக் காட்டுகிறார். டிராக்டரோ மின்சாரத்தால் ஓடும் இயந்திரமோ கொண்டு செய்யும் விவசாய வேலை 1923 சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றிருந்தது. அதை வைத்து நஷ்ட ஈடு வாங்கியவர் உங்கள் ஊரில் ஒருவராவது உண்டா? அரசாங்கம் விவசாய நிலமும் வீடும் ஒதுக்கும் திட்டங்களில் ஊனமுற்றோருக்கு நூற்றுக்கு ஐந்து என்று 2016 சட்டத்தின் 37வது பிரிவு சொல்கிறது. தாலுகா ஆபீசில் போய்க் கேட்டால் மனு எழுதுபவருக்கே அது புதுச் செய்தியாக இருக்கும்.

ஆகவே நமது கோரிக்கை இதுதான். பெல்லோஷிப் வேண்டும், கம்பெனி தர்மமாக அல்ல, அரசாங்கப் பொதுப் பணத்தில், சட்டப்பணிகள் ஆணையத்தின் மூலம் வேண்டும். ஜில்லாவுக்கு இரண்டு பேராவது வேண்டும். மாதச் சம்பளம், மூன்று வருடத்துக்குக் குறையாத காலம். சென்னையில் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறவர்களாக அல்ல, லேபர் கோர்ட்டுக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ போர்டுக்கும் தொழிலாளியோடு நடந்து வருகிறவர்களாக வேண்டும். ஊனமுள்ள சட்டப் பட்டதாரிகளுக்கும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் முதலிடம் வேண்டும். கண் தெரியாததைக் காட்டி ஒருவரை நீதிபதி வேலைக்குத் தகுதியற்றவர் ஆக்கக்கூடாது என்று 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்ட பிறகு, வக்கீல் வேலைக்கு முடியாது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

அது வரும்வரை சங்கங்கள் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. ஒவ்வொரு மில் கமிட்டியும் விவசாயத் தொழிலாளர் கிளையும் விபத்துகளுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கவேண்டும். விபத்து நடந்த தேதி, மணி, இயந்திரத்தின் பெயர், பக்கத்தில் நின்றவர்கள் யார் என்று அன்றே எழுதவேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்பளச் சீட்டு, ஆஜர் அட்டை எதையும் தொலைக்கக்கூடாது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேஸ்திரி தாளோடு வருவதற்கு முன்னால் சங்கத் தோழர் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும்.