தவணை கேட்கும் பழுதுகள்

அகமதாபாதில் 2025 ஜூன் 12-ஆம் தேதி ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானம் விழுந்து 260 பேர் உயிரிழந்தனர். அந்த விபத்து குறித்த முதல்கட்ட அறிக்கை அடுத்த மாதம் வெளியானபோது, என்ஜின்களுக்கு எரிபொருள் நின்றுபோனதைப் பற்றியே நாடு விவாதித்தது. அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு தகவலும் உண்டு. அன்று அந்த விமானம் சில பழுதுகள் சரிசெய்யப்படாத நிலையில், விதிகளின்படியே இயக்கப்பட்டது. விமானி அறைக் கதவைக் கண்காணிக்கும் அமைப்பு, அச்சுக் கருவி முதலியவற்றைச் சரிசெய்ய ஜூன் 19 வரையும், எரிபொருள் கலன்களில் தீ அபாயத்தைக் குறைக்கும் நைட்ரஜன் அமைப்பைச் சரிசெய்ய ஜூன் 20 வரையும் அவகாசம் இருந்தது.

இப்பழுதுகளால் விபத்து நேர்ந்ததாக அறிக்கை கூறவில்லை. நாமும் அவ்வாறு முடிவுகட்டக் கூடாது. ஆயினும், பழுதுள்ள விமானம் பறக்கலாமா என்று பயணி கேட்பது நியாயமே.

பறக்கலாம் என்பதே உலகெங்கும் உள்ள விதி. எந்தெந்தக் கருவிகள் இயங்காவிட்டாலும், எந்த நிபந்தனைகளுடன் விமானத்தை இயக்கலாம் என்பதைக் 'குறைந்தபட்சக் கருவிப் பட்டியல்' வரையறுக்கிறது. நம் நாட்டில் ஒவ்வொரு நிறுவனத்தின் பட்டியலுக்கும் டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஒப்புதல் அளிக்கிறது. 'பி' வகைப் பழுதுக்கு 3 நாள், 'சி' வகைக்கு 10 நாள், 'டி' வகைக்கு 120 நாள் அவகாசம். 'ஏ' வகைக்குரிய கால வரம்பு பட்டியலிலேயே தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே பணிக்கு இரண்டு, மூன்று மாற்று அமைப்புகள் உள்ள நவீன விமானத்தை ஒவ்வொரு சிறு குறைக்காகவும் நிறுத்தி வைத்தால் சேவை முடங்கும், கட்டணமும் உயரும். எனவே இவ்விதி அவசியமானது.

பொருளியல் மொழியில் இது ஒரு குறுகிய காலக் கடன். இன்று செய்ய வேண்டிய செலவைக் குறித்த நாள்வரை தள்ளிப்போடும் சலுகை. மற்றக் கடன்களைப் போலவே இதுவும் மூன்று இடங்களில் சிக்கலாகிறது.

முதலாவது, கடனின் அளவையே தவறாக மதிப்பிடுவது. மாட்ரிட் நகரில் 2008 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, ஸ்பான்ஏர் விமானத்தின் வெளிவெப்ப உணரி தரையிலேயே சூடானது. பட்டியல் அனுமதித்தபடி அதன் மின் இணைப்பைத் துண்டித்து விமானத்தை அனுப்பினர். இறக்கை மடல்களை விரிக்க விமானிகள் தவறினர். அதை உணர்த்த வேண்டிய எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. 154 பேர் இறந்தனர். உணரி சூடானதற்கும் எச்சரிக்கை ஒலிக்காததற்கும் ஒரே ரிலே காரணமாக இருந்திருக்கக்கூடும் என விசாரணை சுட்டிக்காட்டியது. அறிகுறியை ஒத்திவைத்தவர்கள் நோயைத் தேடவில்லை.

இரண்டாவது, அதே கடன் திரும்பத் திரும்ப வருவது. 2014 டிசம்பரில் ஜாவா கடலில் விழுந்த ஏர்ஏசியா இந்தோனேசியா விமானத்தில், சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் கருவி அதற்கு முந்தைய 12 மாதங்களில் 23 முறை பழுதானது. மின்னணுப் பலகையின் பற்றவைப்பில் இருந்த விரிசலே அதற்குக் காரணம். அன்று அதே எச்சரிக்கை மீண்டும் எழுந்ததும், அதை விமானிகள் கையாண்ட விதமும் சேர்ந்து 162 உயிர்களைப் பறித்தன. நம் நாட்டின் முக்கிய விமான நிலையங்களில் 2025 ஜூனில் இயக்குநரகம் நடத்திய ஆய்விலும், பதிவான பழுதுகள் பலமுறை திரும்பத் தோன்றுவது கண்டறியப்பட்டது.

மூன்றாவது, கடன்பட்டவரிடம் பணமே இல்லாமல் போவது. 2022 ஜூலையில் ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்துக்கு அனுப்பிய நோட்டீஸில் இயக்குநரகம் இதை வெளிப்படையாகவே எழுதியது: உதிரி பாகம் வழங்குவோருக்கு முறையாகப் பணம் தரப்படவில்லை, அதனால் உதிரிபாகத் தட்டுப்பாடு, அதன் விளைவாகப் பட்டியலின் சலுகை அடிக்கடி பயன்படுத்தப்படுகிறது. கணக்கேட்டின் நெருக்கடி எவ்வாறு விமானக் கொட்டகையை எட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்த நிலை 2021 செப்டம்பரில் நடந்த நிதி மதிப்பீட்டிலேயே தெரிந்திருந்தது. நோட்டீஸ் வந்ததோ பத்து மாதங்கள் கழித்து.

இந்தக் கடனுக்குத் தாமறியாமலே பிணை நிற்பவர்கள் பயணிகள். எங்கள் வீரபாண்டிப் பகுதியில் நிட்டிங் இயந்திரத்தின் ஓர் ஊசி பழுதானால் துணியில் நீளக் கோடு விழும். சரக்கு கப்பலேறும் முன் வாங்குபவரின் ஆய்வாளர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு பனியனுக்குக் கிடைக்கும் அந்த ஆய்வு, கோவையில் விமானம் ஏறும் பின்னலாடை வணிகருக்குக் கிடைப்பதில்லை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், தரத்துக்குச் செலவிடுபவர் அதற்கான பலனைப் பெறுவதில்லை. அங்கே வாங்குபவரின் கண்ணாக அரசுதான் இருந்தாக வேண்டும்.

ஆனால், அந்தக் கண்ணே பலவீனமாக இருக்கிறது. இயக்குநரகத்தின் பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாக இருப்பதை நாடாளுமன்ற நிலைக்குழு 2025-இல் சுட்டிக்காட்டியது. அவற்றை நிரப்புவது முதல் வேலை. அடுத்து, ஒத்திவைத்த பழுதுகள் எத்தனை, திரும்ப வந்தவை எத்தனை என்பதை நிறுவனவாரியாகக் காலாண்டுதோறும் வெளியிட வேண்டும். இது பயணிகளை வீணாக அச்சுறுத்தும் என்று நிறுவனங்கள் வாதிடலாம். விமானத் தாமதங்களின் விவரம் மாதந்தோறும் வெளியாகிறது. அதனால் எவரும் விமானப் பயணத்தைக் கைவிடவில்லை.

மூன்றாவதாக, ஒரே பழுது குறிப்பிட்ட முறைக்கு மேல் திரும்பினால், மூலகாரணம் கண்டறியப்படும்வரை மீண்டும் ஒத்திவைக்க அனுமதிக்கக் கூடாது. ஒத்திவைப்புகள் திடீரென அதிகரிக்கும் நிறுவனத்தின் கணக்கேடுகளையும் அப்போதே ஆராய வேண்டும். பத்து மாதங்கள் காத்திருக்கக் கூடாது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), வீரபாண்டி, திருப்பூர்.