இரண்டைக் கூட்டினால் மெல்பர்ன் நேரம் வந்துவிடுமா?



சென்ற வாரம் ஆறாம் ஆண்டு மாணவர்களின் கணிதப் பயிற்சித் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நேர மண்டலம் பற்றிய கேள்வி ஒன்று. கோலாலம்பூரில் காலை மணி 9.00 என்றால் மெல்பர்னில் மணி என்ன? கேள்வியைத் தயாரித்தவன் நானே. விடை 11.00 என்று குறித்து வைத்திருந்தேன். ஏறக்குறைய எல்லாரும் அப்படியே எழுதியிருந்தார்கள். ஒரு மாணவன் மட்டும் 12.00 என்று எழுதியிருந்தான். அழைத்துக் கேட்டேன். "எங்க அக்கா அங்கதான் படிக்கிறாங்க ஐயா. மூணு மணி நேரம் வித்தியாசம்" என்றான்.

பிழையிடப் போன சிவப்பு மை பேனாவை மூடி வைத்துவிட்டேன். அந்த ஒரு மணி நேர வேறுபாட்டால் ஒருமுறை தலைகுனிந்தவன் நான்.

2021-ஆம் ஆண்டு, பெருந்தொற்றுக் காலம். இல்லிருப்புக் கற்றல் நடந்துகொண்டிருந்தது. மெல்பர்னில் வார இறுதித் தமிழ்ப்பள்ளியொன்றில் கற்பிக்கும் நண்பர் ஒருவரும் நானும் சேர்ந்து, சனிக்கிழமைதோறும் இரு பள்ளிப் பிள்ளைகளும் கூகுள் மீட் வழியே சந்தித்துக் கதை சொல்ல ஏற்பாடு செய்தோம். நேர அட்டவணையை எக்செல்லில் நான்தான் தயாரித்தேன். நம் நேரம் ஒரு பத்தியில். அதனோடு இரண்டைக் கூட்டி அவர்களின் நேரம் மறு பத்தியில். ஆகஸ்டிலிருந்து செப்டம்பர் முடிய எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அக்டோபர் 9-ஆம் தேதி காலை 9 மணிக்கு நாங்கள் நுழைந்தபோது அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை! நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி பாட்டியின் வெள்ளைப் புடவையைக் கட்டி, திருநீறு பூசி, ஔவையாராகக் கோலூன்றித் திரைமுன் நின்றுகொண்டிருந்தாள். பிறகுதான் நண்பரின் செய்தியைப் பார்த்தேன். அவர்களின் பத்தியில் இருந்தபடி அவர்கள் 11 மணிக்கு வந்து, முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களின் 11 மணி அன்றைக்கு நமக்குக் காலை 8 மணி. அக்டோபர் 3-ஆம் தேதி அங்கே பகல் ஒளி சேமிப்பு நேரம் தொடங்கிவிட்டிருந்தது.

முதலில் கணினியைத்தான் திட்டினேன். அது என்ன செய்யும் பாவம்! இரண்டைக் கூட்டு என்றேன், கூட்டியது. ஊரின் பெயரை நான் அதனிடம் சொல்லவே இல்லை.

அதன் பிறகுதான் கணினிகள் நேரத்தை எப்படிக் கையாளுகின்றன என்று தேடிப் படித்தேன். படித்ததை எளிமையாகச் சொல்கிறேன். பெரும்பாலான கணினிகள் தமக்குள் வைத்திருப்பது ஒரே ஓர் எண்ணிக்கையைத்தான். 1970 சனவரி 1, ஒருங்கிணைந்த அனைத்துலக நேரப்படி நள்ளிரவு தொடங்கி இதுவரை எத்தனை விநாடிகள் சென்றன என்பதே அது. அந்த எண்ணிக்கை கோலாலம்பூரிலும் மெல்பர்னிலும் ஒன்றுதான். அதை நமக்கு மணியாகக் காட்டும் வேளையில்தான் கணினி "எந்த ஊர்?" என்று பார்க்கிறது. "எத்தனை மணி வேறுபாடு?" என்று கேட்பதில்லை. கவனியுங்கள், ஊரைத்தான் கேட்கிறது.

ஊர்தோறும் ஒரு குறிப்பு, ஒரு தரவுக் கோப்பில் இருக்கிறது. ஆஸ்திரேலியா/மெல்பர்ன், ஐரோப்பா/லண்டன், ஆசியா/சிங்கப்பூர் என்று தலைப்பிட்டு, அந்த ஊர்க் கடிகாரம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை அனைத்துலக நேரத்திற்கு எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே இருந்தது என வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். கடிகாரத்தை ஆண்டுதோறும் மாற்றும் ஊர்களுக்கு விதிகளும் உண்டு. மெல்பர்னுக்குரிய விதி இப்படி: அக்டோபரின் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணியை 3 ஆக்கு, ஏப்ரலின் முதல் ஞாயிறு அதிகாலை 3 மணியை 2 ஆக்கு. நம் கைப்பேசிகள், இணையத்தை இயக்கும் பெரிய கணினிகள் எனப் பலவும் இந்த ஒரு கோப்பைத்தான் நம்பியிருக்கின்றன.

இந்தக் கோப்பு ஏதோ பெரிய விண்ணாய்வுக் கூடத்திலிருந்து வருவதாக நானும் நினைத்திருந்தேன். இல்லை. அமெரிக்காவைச் சேர்ந்த ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980-களில் தொடங்கிய பணி இது. பின்னர் பால் எகர்ட் பொறுப்பேற்றார். உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் "எங்கள் அரசாங்கம் இப்படி அறிவித்திருக்கிறது" என்று தெரிவிக்க, அதைச் சரிபார்த்துச் சேர்க்கிறார்கள். அரசாங்கம் கடைசி நேரத்தில் மனம் மாறினால் கணினியும் தடுமாறும். 2023 மார்ச்சில் லெபனான் நாட்டில், கடிகாரத்தை மாற்ற இரண்டு மூன்று நாள்களே இருக்கையில் அரசாங்கம் அதைத் தள்ளிவைத்தது. சிலர் ஏற்றார்கள், சிலர் மறுத்தார்கள். ஒரே நாட்டில் சில நாள்களுக்கு இரண்டு நேரம்! பல கைப்பேசிகள் பழைய விதிப்படி தாமாகவே ஒரு மணி முன்னே போயின.

நிற்க. லெபனான் எதற்கு, நம் ஊரின் குறிப்பையே பார்ப்போம். சூரியனை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கோலாலம்பூர் கிரீன்விச்சைவிட 6 மணி 46 நிமிடம் 46 விநாடி முன்னே இருக்கவேண்டும். 1905-இல் அதை 7 மணி ஆக்கினார்கள். 1933-இல் 20 நிமிடத்தைக் கூட்டினார்கள். பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்தத்தான் அதுவும். 1941 செப்டம்பரில் 7 மணி 30 நிமிடம். சிங்கப்பூர் வீழ்ந்த மறுநாள், 1942 பிப்ரவரி 16 முதல் தோக்கியோ நேரமான 9 மணி. சப்பானியர் சரணடைந்தபின் 1945 செப்டம்பரில் மீண்டும் 7.30. நம் தாத்தா பாட்டிமார் சப்பான்காரன் காலத்தைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். கடிகாரத்தையே ஒன்றரை மணி நேரம் தள்ளி வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்பதை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

மலேசியா அமைந்த பிறகும் 1981 முடிய தீபகற்பத்துக்கு ஒரு நேரம், அரை மணி முன்னே சபா சரவாக்கிற்கு ஒரு நேரம் என்றிருந்தது. 1982 சனவரி 1 முதல் நாடு முழுவதும் 8 மணி. சிங்கப்பூரும் அதே இரவில் நம்மோடு சேர்ந்து மாறிக்கொண்டது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் முள் 12-க்குத் தாவியது. அந்த அரை மணி நேரம் நம் கடிகாரங்களில் இல்லவே இல்லை. அப்போது எனக்கு மூன்று வயது, தூங்கியிருப்பேன். ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோப்பிலேயே சிங்கப்பூரின் மாற்றம் நள்ளிரவில் நடந்ததாக நெடுங்காலம் எழுதியிருந்து, 11.30-க்கு என்று பின்னாளில்தான் திருத்தினார்கள். இன்னொன்று, இப்போது அந்தக் கோப்பில் கோலாலம்பூர் என்பது சிங்கப்பூரைச் சுட்டும் மறுபெயர் மட்டுமே. 1970 முதல் இரண்டு ஊர்க் கடிகாரங்களும் ஒன்றாகவே ஓடியதால் ஒரு குறிப்பே போதும் என்று விட்டுவிட்டார்கள். தலைநகரவாசிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

'பழங்கதை, இப்போது எதற்கு?' என்று கேட்பீர்கள். என் தங்கை பிறந்தது 1980-இல். 2009-இல் அவளுக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டார் கணினியில் சாதகம் கணித்தார்கள். பிறந்த ஊர், தேதி, மணி எல்லாம் சரியாகவே கொடுத்தோம். மலேசியா என்றதும் 8 மணி என்ற எண்ணை அந்த மென்பொருள் தானாகவே போட்டுக்கொண்டது. அவள் பிறந்த நாளில் அது 7.30 அல்லவா? அரை மணி முன்னதாகப் பிறந்ததாகக் கணக்காகிவிட்டது. ஒரு லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீடிக்கும். அரை மணி பிசகினால் நான்கில் ஒருவருக்கு லக்கினமே மாறக்கூடும். அந்த நால்வரில் ஒருத்தி என் தங்கை. பதினொன்றாம் இடத்துச் செவ்வாய் பன்னிரண்டுக்குப் போய், இல்லாத செவ்வாய் தோசம் வந்து சேர்ந்தது. பேச்சு அதோடு நின்றது. கோயில் குருக்கள் கையால் எழுதித் தந்த பழைய சாதகத்தை அப்பா தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் அவர்கள் வேறிடம் முடித்துவிட்டார்கள். சாதகத்தை நம்பலாமா கூடாதா என்பது வேறு கட்டுரை. நம்புகிறவர்கள், 1982-க்கு முன் தீபகற்பத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர்களுக்குக் கணிக்கும்போது அந்த எண்ணை ஒருமுறை சரிபாருங்கள். (2011-இல் சோதிட மென்பொருள் நிறுவனமொன்று, பழைய நேர விவரங்கள் தனக்கே உரிமை என்று ஓல்சன், எகர்ட் இருவர்மீதும் வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டே மீட்டுக்கொண்டது. கோப்பு இன்றும் எல்லாருக்கும் பொதுவாகவே இருக்கிறது.)

ஆகவே என் கருத்து இதுதான். நேர மண்டலத்தை நாம் ஓர் எண்ணாகக் கற்பிக்கிறோம். லண்டன் என்றால் எட்டைக் கழி, மெல்பர்ன் என்றால் இரண்டைக் கூட்டு. இது கற்பித்தலில் நாம் செய்யும் தவறு. நேர மண்டலம் என்பது ஓர் ஊரும் ஒரு தேதியும் சேர்ந்தது. இரண்டில் ஒன்றை விட்டாலும் விடை கிடையாது. கணினியை வடிவமைத்தவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் எண்ணைக் கேட்காமல் ஊரைக் கேட்கிறார்கள். பாடம் சொல்லும் நாம் மட்டும் ஏன் மனப்பாட எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும்?

சக ஆசிரியை ஒருவரிடம் சொன்னபோது, "ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது அதிகம் சார். மணிக்கணக்கில் கூட்டல் கழித்தலே தகராறாக இருக்கிறது. தேவைப்பட்டால் கைப்பேசியைக் கேட்டுக்கொள்வார்கள்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்களும் எளிமையிலிருந்து கடினத்திற்கு என்றுதான் கற்றோம். ஆனால் இது கடினமா? மறுநாள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் காற்பந்தாட்டம் இங்கே எத்தனை மணிக்கு? பின்வரிசையிலிருந்து பதில் வந்தது: "சில மாசம் பத்து மணி, சில மாசம் பதினோரு மணி ஐயா. பதினொன்னுன்னா அப்பா மாமாக் கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போகமாட்டாரு." கணிதத்தில் எப்போதும் பின்தங்கும் மாணவன் அவன். அக்டோபர் கடைசி ஞாயிறு, மார்ச் கடைசி ஞாயிறு என்ற விதியைக் கரும்பலகையில் எழுதியதும், வகுப்பில் பலர் தலையாட்டினார்கள்.

பயிற்சித் தாளை மாற்றி எழுதிவிட்டேன். புதிய கேள்வி: 2021 அக்டோபர் 2, சனிக்கிழமை, கோலாலம்பூரில் காலை மணி 9.00, மெல்பர்னில் மணி என்ன? அடுத்த சனிக்கிழமை அதே வேளையில் அங்கே மணி என்ன? விதியைக் கேள்விக்கு மேலேயே கொடுத்திருக்கிறேன். வேண்டுவோர் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். 12.00 என்று எழுதிய மாணவனுக்கு முழுப் புள்ளி கொடுத்தேன். 11.00 என்று எழுதியவர்களுக்கும் குறைக்கவில்லை. கேள்வியில் தேதி போடாதது என் குற்றம்.