கடற்கதை யாருக்கு?

கடற்சாகச நாவல்கள் சிலவற்றைச் சிபாரிசு செய்யும்படி அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த நண்பர், "இதெல்லாம் பையன்கள் படிக்கிறது, ஸார்!" என்றார். நண்பர் நிறையப் படித்தவர். அதனால்தான் அவரோடு சண்டைக்கு நிற்கிறேன்.

டீபோவின் 'ராபின்ஸன் குரூசோ' (1719) நமக்குத் தெரியும் என்றே நினைக்கிறோம். தெரிந்ததெல்லாம் சுருக்கம்: தீவு, குடை, கிளி, காலடித் தடம். பள்ளிக்கூடத்தில் நான் படித்த பிரதியில் ஸூரி என்ற பையன் இல்லவே இல்லை. அடிமை வாழ்விலிருந்து தன்னோடு தப்பி வந்து, தனக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்த அந்தப் பையனைக் குரூசோ அறுபது வெள்ளிக் காசுக்கு ஒரு கப்பல் தலைவனிடம் விற்றுவிடுகிறான். பின்னால் அவன் தீவில் ஒதுங்குவதும் ஆப்பிரிக்காவுக்கு அடிமைகளை வாங்கப் புறப்பட்ட பிரயாணத்தில்தான்.

மெல்வில்லின் 'மோபி டிக்' (1851) 135 அத்தியாயங்கள் கொண்டது. சுருக்குகிறவர்கள் வெள்ளைத் திமிங்கிலத்தையும் ஒற்றைக்கால் காப்டனையும் விட மாட்டார்கள். ஆனால் பிப் என்ற நீக்ரோச் சிறுவனும் அதில் இருக்கிறான். பயந்துபோய்ப் படகிலிருந்து குதித்த அவனிடம், அலபாமாச் சந்தையில் அவன் பெறக்கூடிய விலையைப்போல் முப்பது மடங்கு திமிங்கிலம் பெறும் என்று படகுத் தலைவன் கணக்குச் சொல்கிறான். மறுபடி குதித்தபோது விட்டுவிட்டுப் போகிறார்கள். நடுக்கடலில் தனியே கிடந்த பையனுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது.

கான்ராடின் 'லார்ட் ஜிம்' (1900) நாவலில் 800 யாத்திரிகர்கள் கப்பலில் தூங்குகிறார்கள். கப்பல் மூழ்கப்போகிறது என்று பயந்து அதிகாரிகள் படகேறுகிறார்கள், ஜிம்மும் குதித்துவிடுகிறான். கப்பலோ மூழ்கவில்லை! வெறும் கற்பனையல்ல இது. 1880-ல் 'ஜெட்டா' என்ற கப்பலில் 900-க்கு மேற்பட்ட ஹஜ் யாத்திரிகர்களைக் காப்டனும் அதிகாரிகளும் கைவிட்டார்கள். கப்பல் போய்விட்டதென்று ஏடனில் அவர்கள் சொல்லியாகிவிட்டது. பிறகு அதே கப்பலை இன்னொரு கப்பல் அங்கே இழுத்துவந்து சேர்த்தது.

பக்கத்தில் இருப்பவனுடைய உயிருக்கு நாம் என்ன விலை போடுகிறோம்? மூன்று நாவல்களும் இதைத்தான் கேட்கின்றன. கரையில் இருப்பவர்கள் பதில் சொல்லாமலே காலம் தள்ளிவிடலாம். கப்பலில் அப்படி நழுவ வழியில்லை. இந்தக் கேள்வியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பையன்களுக்கென்று தள்ளிவிடுவது பெரியவர்களுக்கு மிகவும் சௌகரியம்தான்.

நண்பர் போகும்போது 'லார்ட் ஜிம்'மைக் கையில் கொடுத்தேன். முழுப் புத்தகம். இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.